எச்சரிக்கை யார் கைக்கு? செல் சிகிச்சையின் வழியில் இணையக் கருவிகள்

தடுப்பூசிக் குப்பி ஒன்று வெயிலில் கெட்டுப்போனால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். கார்-டி சிகிச்சையில் அந்த வசதி கிடையாது. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றிலுள்ள டி செல்களின் மரபணுவை மாற்றிப் புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் திறனை ஏற்றி, பெருக்கி, உறைய வைத்து, அதே நோயாளிக்குத் திரும்பச் செலுத்துவதுதான் அந்தச் சிகிச்சை. மருந்துக்கு மூலப்பொருளும் அவரே, மருந்தைப் பெறுபவரும் அவரே. ஒருவருக்கான செல்கள் நிரம்பிய பைதான் தொழிற்சாலைக் கணக்கில் ஒரு முழு உற்பத்தித் தொகுப்பு. 2017 ஆகஸ்டில் நோவார்டிஸின் கிம்ரியாவும் அக்டோபரில் கைட் நிறுவனத்தின் யெஸ்கார்டாவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, மருந்து விநியோகத்துக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு வேலை வந்து சேர்ந்தது: ஒருவருடைய செல்களை நியூ ஜெர்சிக்கோ கலிஃபோர்னியாவுக்கோ அனுப்பி, தவறாமல் அவரிடமே கொண்டுவந்து சேர்ப்பது. இந்தியாவிலும் அது தொடங்கிவிட்டது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை அறிமுகப்படுத்தினார். 2025 ஜனவரியில் பெங்களூருவின் இம்யூனீல் நிறுவனம் கார்ட்டெமியைக் கொண்டுவந்தது.

இந்தப் பயணத்தைக் காவல் காக்க இணையத்தோடு பேசும் கருவிகள் வந்திருக்கின்றன. வெப்பநிலை, சாய்வு, அதிர்ச்சி, மூடி திறக்கப்பட்டதா என்பதைக் காட்டும் ஒளி, இருக்கும் இடம் ஆகிய எல்லாவற்றையும், பையை ஏந்திச் செல்லும் கலத்தில் பொருத்திய கருவி பதிந்து செல்பேசி வலையமைப்பு வழியே அனுப்பும். கிம்ரியா, யெஸ்கார்டா இரண்டுக்கும் போக்குவரத்துப் பணி செய்த கிரையோபோர்ட் போன்ற நிறுவனங்கள் இதைத்தான் தங்கள் சேவையின் மையமாக முன்வைக்கின்றன. கருவிகள் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்துவிட்டது, வேண்டும். ஆனால் அவற்றை எதற்காக வைக்கிறோம் என்பதில் குழப்பம் நீடிக்கிறது. பெரும்பாலும் அவை சாட்சியாகவே பயன்படுகின்றன. பை வந்து சேர்ந்த பிறகு, வழி முழுக்கக் குளிர் காக்கப்பட்டது என்று கோப்பில் சேர்க்க ஒரு வரைபடம் தருவதோடு அவற்றின் வேலை முடிகிறது. மாற்றுப் பை இல்லாத சிகிச்சைக்கு அது போதாது. பையைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கும்போது, காப்பாற்றும் அதிகாரம் உள்ள ஒருவரின் கையில் செய்தி போய்ச் சேர்ந்தால்தான் கருவிக்குப் பயன் உண்டு. இதுவரை நடந்த விபத்துகளும் வெற்றிகளும் இதைத்தான் காட்டுகின்றன.

முதலில் கலத்தைப் பார்ப்போம். உறைந்த செல்கள் பயணிக்கும் கலத்தைத் தொழிலில் உள்ளவர்கள் ட்ரை ஷிப்பர் என்பார்கள். அலுமினியத்தால் ஆன இரட்டைச் சுவர்க் குடுவை அது. இரண்டு சுவர்களுக்கும் இடையில் வெற்றிடம். உட்சுவரைச் சுற்றியுள்ள நுண்துளைப் பொருள் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும். திரவம் தளும்பாது, ஆனால் அதிலிருந்து எழும் குளிர்ந்த ஆவியில் நடுக்குழியில் இருக்கும் பை உறைந்தே கிடக்கும். நிமிர்ந்து நிற்கும் நல்ல கலம் பத்து நாள் அளவுக்குத் தாங்கும். அதையே பக்கவாட்டில் படுக்க வைத்தால் குளிர்ந்த ஆவி கழுத்து வழியே வழிந்தோடும், நைட்ரஜன் பலமடங்கு வேகமாகத் தீரும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நைட்ரஜன் மிச்சம் இருக்கும்வரை உள்வெப்பநிலை கிட்டத்தட்ட அசையாமல் மைனஸ் 190-ஐ ஒட்டியே நிற்கும். நைட்ரஜன் தீர்ந்த பிறகுதான் கோடு மேலே ஏறத் தொடங்கும், அப்போது விறுவிறுவென்று ஏறும். ஆக, எல்லோரும் நம்பியிருக்கும் வெப்பமானிதான் இந்தக் கலத்தில் மிகத் தாமதமாக வாய் திறக்கிறது.

முன்கூட்டியே பேசுபவை வேறு இரண்டு: சாய்வும் எடையும். கலம் சரக்குக் கிடங்கில் படுத்துக் கிடக்கிறது என்ற செய்தி முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டால், நைட்ரஜன் பெரும்பகுதி மிச்சம் இருக்கும்போதே ஒருவர் போய் அதை நிமிர்த்தி வைக்கலாம். அனுப்பும்போது இருந்த எடையையும் வந்து சேரும்போது இருக்கும் எடையையும் ஒப்பிட்டால் எவ்வளவு நைட்ரஜன் செலவானது என்று தெரிந்துவிடும். அதற்கு ஒரு தராசு போதும், இணையம்கூட வேண்டாம். வெப்பநிலை எல்லை தாண்டினால் மட்டும் எச்சரிக்கை என்று அமைத்திருக்கும் ஏற்பாட்டில் இந்த முன்னறிவிப்பு வீணாகிறது. விமானப் பயணம் இன்னொரு சிக்கல். பறக்கும்போது கருவியின் ரேடியோ அணைந்திருக்க வேண்டும். ஏறியதைத் தானே உணர்ந்து அணைந்து, இறங்கிய பின் விழித்து, சேர்த்து வைத்த பதிவை மொத்தமாக அனுப்பும்படியே இவற்றை வடிவமைக்கிறார்கள். நிகழ்நேரக் கண்காணிப்பு என்று விளம்பரத்தில் சொல்வது நீண்ட விமானப் பயணத்தில் பல மணி நேரத் தாமதக் கண்காணிப்பு என்றே பொருள்படும். அதனால் தலையிடக் கூடிய வாய்ப்பு தரையில்தான் இருக்கிறது: ஏற்றும் இடம், இறக்கும் இடம், சுங்கம், மருத்துவமனை வாசல். கருவி அனுப்பும் செய்தியைப் பெறும் ஆள் அந்த இடங்களை எட்டக்கூடியவராக இருக்க வேண்டும்.

கருவி இருந்தும் காக்க முடியாமல் போன சம்பவங்கள் செல் சிகிச்சைக்கு அண்டை வீடுகளில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் யுனிவர்சிட்டி ஹாஸ்பிடல்ஸ் மருத்துவமனையின் கருத்தரிப்பு மையத்தில் 2018 மார்ச் முதல் வார இறுதியில் ஒரு சேமிப்புத் தொட்டி வெப்பமடைந்து, நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் அழிந்தன. தானாக நைட்ரஜன் நிரப்பும் அமைப்பு சரியாக இயங்கவில்லை என்பது ஊழியர்களுக்கு முன்பே தெரியும். வெப்பநிலை மாறினால் வெளியே இருக்கும் ஊழியருக்குத் தகவல் சொல்லும் தொலை அலாரமும் இருந்தது. ஆனால் அது அணைக்கப்பட்டிருந்தது என்று மருத்துவமனையே பின்னர் தெரிவித்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வு நிறுவனத்தில் 2023 கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது நேர்ந்தது இன்னும் வருத்தம் தருவது. 16 உறைதொட்டிகளுக்குச் செல்லும் திரவ நைட்ரஜன் தடைபட்டது. நான்கு நாள் தாங்கும் தொட்டிகள் ஐந்து நாள் நைட்ரஜன் இல்லாமல் கிடந்தன. பல பத்தாண்டுகளாகச் சேர்த்த ஆய்வு மாதிரிகள் போயின. இழப்பு சுமார் 50 கோடி குரோனர் என்று மதிப்பிட்டார்கள். அங்கேயும் அலாரம் அடித்தது. அமெரிக்காவின் ரென்சலேர் பல்கலைக்கழகத்தில் 2020-ல் விடாமல் ஒலித்த எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்த முயன்ற துப்புரவுப் பணியாளர் உறைபெட்டியின் மின்சாரத்தையே துண்டித்துவிட்டார். மூன்று இடத்திலும் எச்சரிக்கும் ஏற்பாடு இருந்தது. ஓரிடத்தில் அது ஊமையாக்கப்பட்டது, ஓரிடத்தில் கேட்க ஆளில்லை, ஓரிடத்தில் கேட்டவருக்கு அதன் பொருள் சரியாகப் புரியவில்லை. இதற்குமேல் துல்லியமான உணரியை வாங்கியிருந்தாலும் இந்த இழப்புகளில் ஒன்றுகூட நின்றிருக்காது.

மறுபக்கத்தில் வெற்றி ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதை நாம் போதிய அளவு பேசவில்லை. தடுப்பூசிகளுக்காக மத்திய சுகாதார அமைச்சகமும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட அமைப்பும் கொண்டுவந்த ஈவின் என்ற மின்னணு வலையமைப்பில், குளிர்பதனப் பெட்டிக்குள் சிம் பொருத்திய உணரி இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்து, மணிக்கு ஒருமுறை மையக் கணினிக்கு அனுப்புகிறது. அந்த வேகம் கார்-டி கலத்துக்குப் பொருத்தப்படும் கருவிகளோடு ஒப்பிட்டால் சாதாரணம்தான். ஆனால் எல்லை மீறினால் குறுஞ்செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பொறுப்பான தொழில்நுட்பருக்கும் மேலாளருக்கும் அது போகும். பெட்டியைப் பழுது பார்ப்பது அவர் வேலை, இருப்பை வேறிடத்துக்கு மாற்றச் சொல்வது இவர் அதிகாரம். ஆரம்ப சுகாதார நிலையம் வரை எட்டிய அந்த அமைப்பின் பலம் அங்கேதான் இருக்கிறது. கோவிட் தடுப்பூசிக்கான கோவின் தளம் அதன் மேல்தான் கட்டப்பட்டது. விலை மலிந்த கருவியும் தெளிவான பொறுப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. செல் சிகிச்சையில் இன்று கருவி மிக உயர்ந்தது, பொறுப்புதான் மங்கலாக இருக்கிறது. தயாரிப்பு நிறுவனம், போக்குவரத்து நிறுவனம், விமான நிறுவனம், மருத்துவமனை என நான்கு பேர் கையில் பை மாறுகிறது. நான்கு பேருக்கும் தனித்தனித் திரை இருக்கிறது.

பொறுப்பு மங்கலாக இருந்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதை ஒரே கட்டத்தை வைத்துப் பார்க்கலாம். செல்களைச் செலுத்துவதற்குச் சில நாள் முன்பு, உடலில் இருக்கும் நோய் எதிர்ப்பணுக்களைக் குறைத்துப் புதிய செல்களுக்கு இடம் உண்டாக்கக் கீமோதெரபி தருவார்கள். அதற்குப் பிறகு நோயாளியின் எதிர்ப்புச் சக்தி தரைமட்டத்தில் இருக்கும். அந்த நிலையில் பை கெட்டுவிட்டது என்று தெரியவந்தால், தொற்றுக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டு மருந்து இல்லாமல் நிற்க வேண்டியதுதான். அதனால்தான் கிம்ரியா, யெஸ்கார்டா இரண்டின் பயன்பாட்டுக் குறிப்புகளும், மருந்து கையில் கிடைப்பதை உறுதிசெய்த பிறகே இந்தக் கீமோதெரபியைத் தொடங்கச் சொல்கின்றன. கருவியின் செய்தி இந்த முடிவோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். வழியில் கலம் சாய்ந்தது, மூடி திறந்தது, எடை குறைந்தது என்று ஏதாவது வந்தால், தரப்பிரிவு ஆராய்ந்து சொல்லும்வரை கீமோதெரபிக்கான உத்தரவு நிற்க வேண்டும். அதை நிறுத்தும் உரிமை, இரவுப் பணியில் இருக்கும் மருத்துவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். எல்லையும் ஒன்றல்ல. கிம்ரியாவை மைனஸ் 120 டிகிரிக்குக் கீழும், யெஸ்கார்டாவை மைனஸ் 150 டிகிரிக்குக் கீழும் வைக்கச் சொல்கிறார்கள். மைனஸ் 135-ஐத் தொட்ட கலம் ஒரு மருந்துக்குச் சரி, இன்னொன்றுக்கு மீறல். எல்லா மருந்துக்கும் ஒரே சிவப்பு விளக்கு என்று அமைத்தால் பொய் எச்சரிக்கைகள் குவியும். பொய் எச்சரிக்கை குவிந்த இடத்தில் உண்மையானதையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது, போக்குவரத்து உண்மையில் சிறிய பிரச்சினை என்பதுதான். கிம்ரியாவைக் குழந்தைகளிடமும் இளம் வயதினரிடமும் சோதித்த எலியானா ஆய்வில் 92 பேர் சேர்ந்தார்கள், 75 பேருக்குத்தான் செல்கள் செலுத்தப்பட்டன. விடுபட்ட 17 பேரில் 7 பேருக்குத் தயாரிப்பில் சிக்கல், 7 பேர் காத்திருக்கும்போதே இறந்தார்கள், 3 பேருக்கு உடல்நிலை இடம் தரவில்லை. வழியில் கெட்ட பை என்று ஒரு வரி அந்தக் கணக்கில் இல்லை. அப்படியானால் சாய்வு உணரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். இந்த எண்களை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். தயாரிப்பில் தோற்றவர்களின் எண்ணிக்கைக்கு நிகராகக் காத்திருந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களிடம் நடந்த ஜூலியட் ஆய்வில், சேர்ந்த நாளிலிருந்து செல்கள் செலுத்தும் நாள் வரை நடுத்தரக் காத்திருப்பு 54 நாள். சேர்ந்த 165 பேரில் 111 பேருக்குத்தான் அந்த நாள் வந்தது. இங்கே குளிரைவிடக் காலம்தான் பெரிய எதிரி. காலத்தோடு போராடவும் அதே கருவிகள் உதவ முடியும். வளர்ப்புக் கலத்துக்குள் செல்கள் எதிர்பார்த்த வேகத்தில் பெருகவில்லை என்பதை உணரி முதல் வாரத்திலேயே காட்டினால், நோயைக் கட்டுக்குள் வைக்கும் இடைக்காலச் சிகிச்சையை நீட்டவோ, மீண்டும் ரத்தம் எடுக்கவோ மருத்துவருக்கு நேரம் கிடைக்கும். அந்தத் தரவு இன்று தொழிற்சாலைச் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. கலத்தின் இருப்பிடத்தை வரைபடத்தில் நிமிடத்துக்கு நிமிடம் காட்டுகிறவர்கள், செல்களின் வளர்ச்சி எந்த நிலையில் இருக்கிறது என்பதை மருத்துவமனைக்குக் காட்டத் தயங்குவது ஏற்கத்தக்கதல்ல.

இன்னொரு எதிர்வாதம் அறிவியல் சார்ந்தது: உணரி அளப்பது பையின் பக்கத்தில் உள்ள ஆவியை, செல்களை அல்ல. இது உண்மை. அதிலும் பயணத்தின் மிக ஆபத்தான நொடிகளில் உணரி பையோடு இருப்பதே இல்லை. கலத்திலிருந்து சேமிப்புத் தொட்டிக்கு மாற்றும்போதும், உறைபனி படிந்த பட்டைக் குறியீட்டைத் துடைத்துப் படிக்கும்போதும், பக்கத்துப் பையைத் தேடித் தட்டை வெளியே இழுக்கும்போதும் அறைக் காற்று படுகிறது. சில பத்து மில்லிலிட்டர் மட்டுமே கொண்ட மெல்லிய பை ஓரிரு நிமிடத்தில் பல பத்து டிகிரி ஏறிவிடும். உறைந்த நீர் கண்ணாடி போல அசைவற்று இருக்கும் எல்லை ஏறத்தாழ மைனஸ் 130 முதல் 135. அதைத் திரும்பத் திரும்பத் தாண்டி வந்தால், வெளியே எந்த அடையாளமும் தெரியாமலே செல்களின் உயிர்ப்பு குறையும். கலத்தின் வரைபடத்தில் இது எதுவும் பதியாது. இந்த வாதம் கருவியைக் கைவிடச் சொல்லவில்லை, அதை இன்னும் உள்ளே கொண்டுபோகச் சொல்கிறது. திரவ நைட்ரஜன் குளிரையும் தாங்கும் ரேடியோ அடையாளச் சில்லைப் பையிலேயே ஒட்டினால், பனியைத் துடைக்காமல், வெளியே நெடுநேரம் எடுத்து வைக்காமல் அடையாளத்தைப் படிக்கலாம். எத்தனை முறை, எவ்வளவு நேரம் வெளியே வந்தது என்பதும் கணக்கில் ஏறும். பை யாருடையது என்ற கேள்விக்கும் அதுவே பதில் தருகிறது. வெப்பநிலை தவறினால் ஒருவரின் மருந்து வீணாகும். அடையாளம் தவறினால் வேறொருவரின் செல்கள் உடம்பில் ஏறும். பின்னது எவ்வளவு அரிதானாலும் தாங்க முடியாதது என்பதால், ஐரோப்பியச் சட்டம் இத்தகைய மருந்துகளின் தடங்காண் பதிவுகளைக் காலாவதிக்குப் பிறகும் 30 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது.

மருத்துவமனையிலேயே செல்களைத் தயாரித்துவிட்டால் இந்தச் சங்கிலியே தேவையில்லையே என்போரும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அந்த வழியில்தான் போயிருக்கிறது. மூடிய தானியங்கி இயந்திரத்தில் மருத்துவமனைக்குள்ளேயே கார்-டி செல்களைத் தயாரித்து, நோயாளிகளுக்குச் செலுத்திய அனுபவம் அங்கே இருக்கிறது. விலையும் காத்திருப்பும் குறைய அது நல்ல வழி. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய முயற்சி. ஆனால் விமானம் இல்லை என்பதால் விபத்து இல்லை என்று ஆகிவிடாது. கிளீவ்லாந்திலும் கரோலின்ஸ்காவிலும் அழிந்தவை எந்தக் கலத்திலும் பயணம் போகவில்லை; ஒரே கட்டடத்துக்குள் நின்ற இடத்திலேயே அழிந்தன. பத்து மருத்துவமனைகள் தாமே தயாரிக்கத் தொடங்கினால் பத்து சிறிய தொழிற்சாலைகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரவு நேரத்தில் ஒரு தொட்டி, ஓர் இயந்திரம், ஒரு தொழில்நுட்பர். பெரிய நிறுவனத்துக்கு இருக்கும் தரப்பிரிவு அங்கே இருக்காது. கண்காணிப்பின் தேவை அங்கே கூடுமே தவிரக் குறையாது. பல மையங்களின் தொட்டிகளையும் இயந்திரங்களையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் பொது ஏற்பாடு வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு பற்றிய அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. கோவிட் தடுப்பூசியின் குளிர்பதனச் சங்கிலியில் இருந்த நிறுவனங்களைக் குறிவைத்துப் போலி மின்னஞ்சல் வழியே கடவுச்சொல் திருட முயன்றதை 2020 டிசம்பரில் ஐபிஎம் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். கருவியோடு நோயாளியின் பெயரும் நோயும் பயணிக்கத் தேவையில்லை. கலத்துக்குக் குறியீட்டு எண் போதும், பெயரோடு இணைக்கும் பட்டியல் மருத்துவமனைக்குள் இருக்கட்டும். பதிவை யாரும் திருத்த முடியாதபடி காக்கும் பிளாக்செயின் பற்றிய பேச்சு இந்தத் துறையில் அதிகம். பதிவை யாரோ திருத்திவிட்டதால் பை கெட்டதாக மேலே பார்த்த எந்தச் சம்பவமும் சொல்லவில்லை. பதிவைப் பார்க்க வேண்டியவர் பார்க்காததால்தான் கெட்டது. எனவே அதில் செலவிடும் பணத்தை இரவுப் பணியாளரின் பயிற்சியில் செலவிடலாம்.

விலை உயரும் என்ற கவலைக்குப் பதில் எளிது. கிம்ரியா வந்தபோது அறிவித்த விலை 4,75,000 டாலர். நெக்ஸ்கார்19-க்கு 30 முதல் 40 லட்சம் ரூபாய் என்று செய்திகள் வந்தன. திரும்பத் திரும்பப் பயன்படும் ஒரு கருவியின் பங்கு அதில் சிறு துளிதான். செலவாகப் போவது ஆளுக்கு. அதைத்தான் நாம் தவிர்க்கப் பார்க்கிறோம். ஆனால் ஆளையே நம்பும் துறையும் உண்டு: பிறரிடமிருந்து தானமாகப் பெறும் ரத்தத் தண்டணுக்களை இன்றும் பயிற்சி பெற்ற ஒருவர் கைப்பெட்டியில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகள் இந்த உலகளாவிய வலையின் பகுதிதான். 2020 மார்ச்சில் எல்லைகள் மூடியபோது அமெரிக்கப் பதிவேடு, தண்டணுக்கள் வந்து சேர்ந்து உறைய வைக்கப்பட்ட பிறகே நோயாளியின் உடலைத் தயார்ப்படுத்தும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஆள் வழியில் சிக்கினாலும் நோயாளி சிக்கக் கூடாது என்ற தெளிவு அதில் இருந்தது. கருவிக்கும் அதே வகை விதி வேண்டும்: எந்தச் செய்தி வந்தால் யார், எத்தனை நிமிடத்தில், எதைச் செய்வார், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று பெயரோடு எழுதிய ஒரு தாள்.

அந்தத் தாள் வெறும் காகிதமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. புதிதாகச் செல் சிகிச்சை மையம் தொடங்கும் மருத்துவமனைக்கு முதல் நோயாளியின் பை வருவதற்கு முன், அதே வழியில் வெறும் கலம் ஒன்றை அனுப்ப வேண்டும். சனிக்கிழமை இரவு, சரக்குக் கிடங்கில், யாருக்கும் சொல்லாமல் அதைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். யாருடைய கைப்பேசி ஒலித்தது, அவர் யாரை அழைத்தார், கலத்தை நிமிர்த்த எத்தனை நிமிடம் ஆயிற்று, மருத்துவமனைக்கு எப்போது தெரிந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மையத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரி, கருவியின் துல்லியச் சான்றிதழோடு அந்த இரவின் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.